பூர்ணிமா பெயரில் ஒரு கட்டில்

அத்தியாயம் 14

"காப்பி ஆறுது பாரு."

அஞ்சலாட்சி டம்ளரை மருமகள் பக்கம் நகர்த்தினாள். கலைமகள் குழந்தை அபிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேணாம் அத்தை."

"ஏன், வயிறு கியிறு சரியில்லையா?"

ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை இந்த வீட்டில் சொல்ல முடியாது. அபிக்குத் தடுப்பூசி, காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் நாத்தனார் பூர்ணிமா வீட்டில் தங்கிவிட்டு வருகிறேன் என்று ஒரு பொய்யை மட்டும்தான் தயார் செய்து வைத்திருந்தாள். காப்பியை மறந்துபோனாள்.

சுவரில் தொங்கிய நாள்காட்டி கண்ணில் பட்டது.

"இன்னிக்கு சஷ்டி அத்தை. விரதம்."

அஞ்சலாட்சி கை வேலையை நிறுத்தினாள்.

"சஷ்டியா? ஆம்பளப் புள்ளைக்கா?"

கலைமகள் தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்?

மாமியாரின் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து இரண்டு வருடம் இருக்கும். எழுந்து வந்து, மருமகளின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியோரம் வைத்து நெட்டி முறித்தாள்.

"இப்பதான் உனக்குப் புத்தி வந்துகீது. நேத்துதான தலைக்கு ஊத்திக்கின? நல்ல நேரத்துலதான் ஆரம்பிச்சிருக்க. போய்ட்டு வா. பூவிழியை நான் ஸ்கூலுக்கு அனுப்பிக்கறேன்."

தெருவுக்கு வந்த பிறகும் அந்த நெட்டியின் சத்தம் காதிலேயே இருந்தது.

திருக்கனூரைத் தாண்டிய அந்த ஊரில் சாலைதான் எல்லை. எதிர்ச்சாரி வீடுகள் புதுச்சேரி, இந்தச் சாரி வீடுகள் தமிழ்நாடு. கரண்டு போனால் ஒரு சாரியில்தான் போகும். கலைமகள் வாக்கப்பட்ட வீடு இந்தச் சாரி. பஸ் நிற்பது அந்தச் சாரி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் சாலையைக் கடந்தாள்.

அபி பிறந்த அந்த மழை இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வலி எடுத்த கலைமகளைக் காரில் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போகும் வழியில், "தமிழ்நாட்டு அட்ரஸ்னா சேர்க்க மாட்டாங்க, விழுப்புரத்துக்கு வெரட்டிடுவாங்க" என்று யாரோ சொன்னதை நம்பிய அஞ்சலாட்சி, புதுச்சேரியின் சாரம் பகுதியில் இருக்கும் தன் மகள் பூர்ணிமாவின் ஆதார் அட்டையை வாங்கி நீட்டினாள். கலைமகளின் புருஷன் விக்ரம் ஓசூரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். எனவே கணவன் என்ற இடத்தில் பூர்ணிமாவின் கணவன் பிரேம்குமார் கையெழுத்துப் போட்டான்.

மூத்தவள் பூவிழி பிறந்தபோது போட்ட பழைய தையல் பிரிந்து, கருப்பை காகிதம்போல் ஆகியிருந்தது. நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். "இன்னொரு பிரசவம்னா நீ தங்க மாட்டம்மா" என்று டாக்டர் சொன்னார். அப்போதே குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடலாமா என்று வெளியில் வந்தும் கேட்டார். பிரேம்குமார் எப்படிச் சரி என்பான்? காகிதத்தில் அது பூர்ணிமாவின் வயிறு. கல்யாணமாகி அப்போது நான்கரை வருடம், இன்னும் ஒரு தடவைகூட நிறையாத வயிறு.

இரண்டாவதும் பெண்ணாகப் போயிற்று. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம். அரிசி டிரம்மில் ஒளித்து வைத்த கருத்தடை மாத்திரை அட்டை மாமியார் கையில் சிக்கி அடுப்புக்குப் போனது. அந்த மாத்திரை இல்லாமல், மாதா மாதம் நாள் தள்ளுமோ என்று பயந்தே கலைமகள் பாதி இளைத்துவிட்டாள். தங்கள் பக்கத்துக் கிராம நர்ஸிடம் போனால், "உன் பேர்ல ஒரு புள்ளதான் பதிவாயிருக்கு. ஒரு பொண்ணை வெச்சிக்கினு ஆபரேஷனா? புருஷனைக் கூட்டினு வா" என்றாள். புருஷனிடம் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினால், "இதுல உன் பேரே இல்லியே கலை" என்று சிரித்தான்.

கடைசியில் அவள் பூர்ணிமாவின் காலில் விழாத குறையாகக் கேட்டாள். "இன்னும் ஒரே ஒரு தடவை. உன் பேருல போய்ப் பண்ணிக்கினு வந்துடறேன்."

பூர்ணிமா வெகுநேரம் யோசித்துச் சரி என்றிருந்தாள். அந்த நாள் இன்றுதான்.

* * *

சாரத்து வீட்டில் பூர்ணிமா எட்டு மணிக்கே கிளம்பத் தயாராகிவிட்டாள். நேரு வீதி ஜவுளிக்கடையில் லீவு சொல்லியாகிவிட்டது. பீரோவைத் திறந்து ஆஸ்பத்திரிக் கோப்பையும் ஆதாரையும் எடுத்தாள். கோப்புக்கு அடியில் இன்னொரு காகிதம் இருந்தது. அதைத் தொடாமல் பீரோவைச் சாத்தினாள்.

போன் அடித்தது.

"பூர்ணிமா, விஷயம் தெரியுமா?" அஞ்சலாட்சியின் குரலில் அப்படியொரு துள்ளல். "உங்க அண்ணி சஷ்டி விரதம் இருக்காடி. ஆம்பளப் புள்ளைக்கு!"

பூர்ணிமாவுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அண்ணி ஏன் சாப்பிடவில்லை என்று அவளுக்குத்தானே தெரியும்?

"அப்படியாம்மா" என்றாள்.

"மூணு வருஷமா நான் வேண்டாத சாமி இல்ல. நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. உனக்கும் சேத்துதான் சொல்றேன். ஒரு பையன் பொறந்துட்டான்னா அவ கை நெறஞ்சிடும். அபியை நீ வெச்சிக்க."

"இன்னாம்மா பேசற?"

"நான் இன்னா புதுசாவா பேசறேன்? உன் பேர்லதான பொறந்துச்சி? சர்டிபிகேட்டு உங்கிட்டதான கீது? ஊருக்கு எடுத்துச் சொல்லவும் வேணாம், எழுதி வாங்கவும் வேணாம்."

சஷ்டி விரதம் என்றால் என்ன என்று பூர்ணிமாவுக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். ஐந்து வருடம் இருந்து பார்த்து, போன வருடம்தான் விட்டாள்.

போனை வைத்த பிறகு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும்.

ஒன்பதரைக்கும் அவள் உட்கார்ந்தேதான் இருந்தாள்.

* * *

"பூர்ணிமா! சாரம் பூர்ணிமா!"

மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் அது தன்னைத்தான் என்று கலைமகளுக்கு உறைத்தது. எழுந்து ஓடினாள்.

நர்ஸ் செல்வாம்பாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "பேரு கூட மறந்துடுச்சா? பசி மயக்கமா, பய மயக்கமா?"

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "ரெண்டும்தான் சிஸ்டர்" என்றாள் ஒருத்தி. "எம் மாமியா என்னை ரேஷனுக்குப் போறேன்னு நெனச்சிக்கினு கீது. பை வேற கொண்டாந்துட்டேன்."

"அப்ப திரும்பிப் போறப்ப அரிசிக்கு எங்க போவ?" என்று செல்வாம்பாள் கேட்க, இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். கலைமகளும் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து!

"கடைசியா எப்ப தீட்டு?"

"இன்னியோட அஞ்சாம் நாள்."

"சரி. ஆதார், பழைய கோப்பு, கொண்டா."

"நாத்தனார் எடுத்துக்கினு வராங்க சிஸ்டர். இப்ப வந்துடுவாங்க."

மணி பத்தாயிற்று. பத்தரை ஆயிற்று. எட்டுப் பெண்களில் ஐந்து பேர் பச்சை உடுப்பு மாட்டி உள்ளே போய்விட்டார்கள். பூர்ணிமாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அபி அழுதது. கலைமகளுக்குக் கண் இருட்டியது. வரமாட்டாளோ?

பதினோரு மணிக்குப் பூர்ணிமா வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. கோப்பையும் ஆதாரையும் நீட்டினாள். அபி இரண்டு கையையும் விரித்து, "அத்த" என்று அவளிடம் தாவியது.

செல்வாம்பாள் அவசர அவசரமாக ஒரு படிவத்தை எடுத்து வாசித்தாள். "பூர்ணிமா, கணவர் பிரேம்குமார். எனக்கு உயிரோடு இருக்கும் குழந்தைகள் இரண்டு. இனி எனக்குக் குழந்தை வேண்டாம் என்று, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நானே விரும்பி நிரந்தரமாக… புரியுதாம்மா? புரிஞ்சா இங்க கையெழுத்துப் போடு. ஆறாம் நம்பர் கட்டில் உன்னுது."

கலைமகள் பேனாவை வாங்கினாள். 'பூ' என்று எழுதினாள்.

பக்கத்தில் நின்றவள் மேசையோரம் நெருங்கி வந்தாள். கலைமகள் நிமிர்ந்தாள். பூர்ணிமாவின் கண்கள் அந்த ஒற்றை எழுத்தின் மேல் இருந்தன.

"எழுதாத அண்ணி."

"பூர்ணிமா…"

"என்னால முடில அண்ணி. சாமி சத்தியமா முடில." நர்ஸ் பக்கம் திரும்பினாள். "சிஸ்டர், நான்தான் பூர்ணிமா. இவங்க என் அண்ணி. இந்தக் கோப்புல இருக்கறதெல்லாம் இவங்களுக்கு நடந்தது. எனக்கு… எனக்குக் குழந்தையே இல்ல."

செல்வாம்பாள் ஆதார் படத்தைப் பார்த்தாள். இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.



* * *

டாக்டரம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் களைப்பாகத்தான் இருந்தார். கலைமகளின் வயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார்.

"எதுக்கும்மா பேரை மாத்தினீங்க?"

"எங்க ஊரு தமிழ்நாடு. சேர்க்க மாட்டீங்கன்னு…"

"பிரசவ வலியோட வர்றவளை எந்த ஊருன்னு கேட்டா சேர்க்கறோம்? யார் சொன்னது?"

யாரோ சொன்னார்கள். யார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

"இன்னிக்குப் பண்ண முடியாது" என்றார் டாக்டர். "இந்த வயித்துல ஏற்கெனவே நடந்தது எல்லாம் இன்னொருத்தங்க பேர்ல இருக்கு. உள்ள ஏதாச்சும் ஆச்சுன்னா நான் யாரோட கோப்பைப் பார்க்கறது? முதல்ல உன் பேர்ல புதுசா பதியணும். இந்தக் கோப்பைத் திருத்தணும். அடுத்த செவ்வாக்கிழமைக்குள்ள எல்லாம் முடிச்சா நானே பண்றேன்."

"அவர் கையெழுத்து வேணுமா மேடம்?" என்றாள் கலைமகள்.

"உனக்கு ஆபரேஷன் பண்ண உன் கையெழுத்து போதும். ஆனா இந்தக் கோப்புல ஒரு குழந்தை பொறந்திருக்கே? அது உன்னோடதுன்னு திருத்த உன் புருஷனும் வரணும், இவங்க புருஷனும் வரணும். பிறப்புச் சான்றிதழ் எங்க?"

"அது இன்னும் வரலைன்னு அத்தை…" என்று ஆரம்பித்தாள் கலைமகள்.

"எங்கிட்ட இருக்கு" என்றாள் பூர்ணிமா.

மேசை மேல் அபி, டாக்டரின் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது.

"எப்பலருந்து?" என்றாள் கலைமகள்.

"பொறந்த மறுமாசத்துலருந்து."

"நாளைக்கு ஒன்பது மணிக்குச் சான்றிதழையும் குழந்தையையும் எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் வாங்க" என்று டாக்டர் எழுந்துவிட்டார். "ஆரம்பிச்சு வைக்கலாம்."

வெளியில் செல்வாம்பாள் கலைமகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள். ஒரு காக்கிக் கவரை நீட்டினாள்.

"மாத்திரை. இன்னிக்கு அஞ்சாம் நாளுன்ன. இன்னிக்கே ஆரம்பிச்சாதான் கணக்கு. ராத்திரி சாப்பிட்டுட்டு முதல் மாத்திரை. வெறும் வயித்துல போட்டு வாந்தி எடுத்துடாத. நாளைக்குன்னு தள்ளினா நான் உத்தரவாதம் தரமாட்டேன், புரியுதா? காப்பர்-டி வேணும்னாலும் புதுக் கோப்பு போட்டதும் பார்க்கலாம்."

"எங்க வீட்ல என் பையைத் தேடுவாங்க சிஸ்டர்."

"புள்ள பையைத் தேட மாட்டாங்க இல்ல?"

கலைமகள் கவரை அபியின் துணிப்பையில், சட்டைகளுக்கு அடியில், திணித்தாள்.

* * *

ஆஸ்பத்திரி வாசல் டிபன் கடையில் இரண்டு இட்லிக்கு மேல் கலைமகளுக்கு இறங்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அபி பூர்ணிமாவின் மடியில் தூங்கிப்போயிருந்தது.

"ஏன் சொல்லல?" என்றாள் கலைமகள்.

"தெரியல அண்ணி."

"பொய் சொல்லாத."

பூர்ணிமா குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். "எடுத்து எடுத்துப் பார்ப்பேன். தாயார் பெயர் பூர்ணிமான்னு அச்சடிச்சிருக்கும். அவரு வேலைக்குப் போனப்புறம்தான் பார்ப்பேன். திருடறேன்னு தோணல. அப்பறமா குடுத்துடலாம், அப்பறமா குடுத்துடலாம்னு…"

கலைமகளுக்கு அவளை அறையவேண்டும் போலவும் இருந்தது, தோளில் சாய்த்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

போன். அஞ்சலாட்சி.

"ஊசி ஆயிடுச்சா? காய்ச்சல்னாலும் பரவால்ல, நீ கெளம்பி வா. விளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடு. விரதம் முடிக்கப் பாயசமே வெச்சிருக்கேன். சாக்குபோக்கு சொல்லாத, விரதத்தை அடுத்த வீட்ல முடிக்கக் கூடாது."

கலைமகள் போனை வைத்துவிட்டு எழுந்தாள். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். செவ்வாய்க்கிழமை வரை சந்தேகம் வரக்கூடாது.

"குழந்தை இருக்கட்டும் அண்ணி" என்றாள் பூர்ணிமா. "காலையில திரும்பக் கூட்டினு வரணும். இந்த மழையில எதுக்கு ரெண்டு தடவை அலைய வெக்கற?"

கலைமகள் தயங்கினாள். காலையில் இதே வார்த்தைக்கு நன்றி சொல்லியிருப்பாள்.

"நாளைக்குச் சான்றிதழைக் கொண்டு வருவியா?"

"வருவேன்."

"அபியையும்?"

பூர்ணிமா நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "என்ன அண்ணி கேட்டுட்ட?"

கேட்டிருக்கக் கூடாதுதான். தூங்கும் குழந்தையின் பாதத்தைத் தொட்டுவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கலைமகள் மழையில் பஸ்ஸுக்கு ஓடினாள்.

* * *

வாசலில் ஆண் செருப்பு கிடந்தது. சேறு இன்னும் காயவில்லை.

விக்ரம் பூவிழியை முதுகில் ஏற்றி யானை விளையாடிக்கொண்டிருந்தான். மனைவியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க பொங்கலுக்குத்தான வரேன்னீங்க?"

"மழையில வேலை நின்னுகெடக்குது. எப்படி லீவு கேக்கறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன், காலையில ஆறு மணிக்கே அம்மா போன் பண்ணாங்க." குரலைத் தாழ்த்தினான். அதில் உண்மையான அன்பு இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நீ விரதம் இருக்கறன்னாங்க. மனசு கேக்கல கலை. உடனே பஸ் ஏறிட்டேன். பத்து நாள் இருப்பேன்."

"டாக்டர் சொன்னது உங்களுக்கு…"

"அவங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாங்க. நீயே இப்ப விரதம் இருந்துட்டு, இன்னா பேச்சு இது?"

உள்ளே இரண்டு வாழை இலை போட்டிருந்தது. பக்கத்தில் பக்கத்தில். அஞ்சலாட்சி பாயசத்தை இறக்கிவைத்தாள்.

"அபி எங்கடி?"

"பூர்ணிமாகிட்ட. காய்ச்சல்."

"அதுவும் நல்லதுதான்" என்றாள் மாமியார். "அஞ்சாம் நாள் இன்னிக்கு. அப்பறம் வர்ற ராத்திரிங்கதான் விசேஷம்."

காலையில் நர்ஸும் இதே நாளைத்தான் எண்ணினாள்.

கவர்! கலைமகளின் கை தானாகத் தோளுக்குப் போனது. தோளில் அவளுடைய பை மட்டும்தான் இருந்தது. அபியின் பை இல்லை. டிபன் கடை பெஞ்சில், பூர்ணிமாவின் காலடியில் அதை வைத்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"கால் கழுவினு வரேன் அத்தை" என்று போனை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டு அவள் கிணற்றடிக்கு நடந்தாள்.

* * *

சாரத்தில் பூர்ணிமா குழந்தைக்கு உடுப்பு மாற்றப் பையைத் திறந்தாள். சட்டைகளுக்கு அடியில் காக்கிக் கவர். பிரித்தாள். மூன்று மாத்திரை அட்டைகள். மேல் அட்டையில் செல்வாம்பாள் பேனாவால் எழுதியிருந்தாள்: 'இன்று இரவு.'

சற்றுமுன்தான் அம்மா போனில் சொல்லியிருந்தாள், அண்ணன் வந்துவிட்டான் என்று. பத்து நாள் இருப்பான் என்று. சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

அண்ணி ஊருக்கு ஏழு பத்துக்குக் கடைசி பஸ். ஆட்டோ பிடித்தால் பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷம். பூர்ணிமா எழுந்தாள். செருப்பைக்கூட மாட்டினாள்.

அபி தூக்கத்தில் புரண்டு, கையை நீட்டித் துழாவி, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறக்காமலே ஏதோ கூப்பிட்டது. அத்த என்றதா? அம்மா என்றதா?

பூர்ணிமா மெல்ல உட்கார்ந்தாள்.

கட்டிலின் மேல் போன் ஒளிர்ந்தது. 'அண்ணி.' அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

குழந்தை விழித்துக்கொள்ளப் போகிறது என்று, அவள் போனின் சத்தத்தைக் குறைத்தாள்.

மணி ஆறு ஐம்பது.